நாலு விரற்கடைத் தண்ணீர்

டத்தோ என்று பேர் வைத்தது நான்தான்.
உடம்பெல்லாம் சிவப்பு; வால்
கல்யாணத்துக்குப் புறப்பட்ட பட்டு மாதிரி இழுபடும்.
யாரைக் கண்டாலும் செவுளை விரித்து நிற்பான்,
கண்ணாடியில் தன்னையே கண்டாலும்.

அவள் பேர் கிராணி.
சினை பிடித்தால் மேலிருந்து கீழாக
உடம்பில் வெளிர்கோடு விழும்,
கணக்குப் புத்தகத்தில் பத்தி பிரித்த மாதிரி.

ஜெலுத்தோங், பதினோராம் மாடி.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் முடிந்து
கால் வீங்கி வருகிறவள்
செருப்பைக் கழற்றுமுன் தொட்டியைப் பார்ப்பேன்.
பாதியாய் நறுக்கி மிதக்கவிட்ட
ஸ்டைரோஃபோம் கோப்பைக்குக் கீழே
எச்சிலால் கட்டிக்கொண்டிருப்பான் டத்தோ.
குமிழிமேல் குமிழி.
ஒன்று உடைந்தால் ஓடிப்போய் ஊதுவான்.
கடன் வாங்காமல் வீடு கட்டியவன்
இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து
இவன் ஒருத்தன்தான்.

செவ்வாய்க்கிழமை அவளைத் திறந்துவிட்டேன்.
துரத்தினான். கடித்தான்.
அவள் வாலில் ஒரு துண்டு தனியாக மிதந்தது.
வலையை எடுத்தேன், வைத்தேன்,
மறுபடி எடுத்தேன்.
சோறு ஆறிக்கொண்டிருந்தது.
பிறகு எப்போது என்று தெரியவில்லை,
அவளைச் சுற்றித் தன்னை மடித்துக்கொண்டான்.
இருவரும் செத்தவர்கள்போல் ஒரு கணம்.
கீழே ரவை ரவையாய் முட்டை விழ,
முதலில் விழித்தவன் அவன்.
ஒவ்வொன்றாய் வாயில் பொறுக்கி
மேலே கொண்டுபோய் ஒட்டினான்.

முடிந்ததும் அவளை வெளியே எடுத்துவிட வேண்டும்.
இல்லையென்றால் கொன்றுவிடுவான்.
ஹார்லிக்ஸ் போத்தலில், கொஞ்சம் கல்லுப்போடு,
அவளைத் தனியே வைத்தேன்.
கோடுகள் அழிந்திருந்தன.

வியாழக்கிழமை குழாய் வறண்டது.
மூன்று நாளைக்கு வராது என்றார்கள்.
ஏழு வாளி இருந்தது என்னிடம்;
மீனுக்கென்று கெத்தாப்பாங் இலை போட்டு ஆறவைத்தது,
வெறுந்தேநீர் நிறம்.
முதலில் ரொஹாயா வந்தாள்.
"சீனி போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு
இரண்டு வாளி தூக்கினாள், பாத்திரம் கழுவ.
ஒன்பதாம் மாடியிலிருந்து குணாளன்,
லாரிக்காரர், ஒரு வாளி; எதற்கு என்று நான் கேட்கவில்லை.
லிம்மின் மனைவி கைக்குழந்தையோடு வந்து
மூன்று வாளி கொண்டுபோனாள்.
அன்று மாலை நடைபாதையில்
அந்தக் குழந்தைமேல் இலை வாசம்.

கடைசி வாளியை நானே குளித்துத் தீர்த்தேன்.
பொய் சொல்வானேன்.

சனி ராத்திரி லிம்மின் மனைவி மறுபடி வந்தாள்.
காலி வாளிகளைப் பார்த்தாள்.
பிறகு தொட்டியைப் பார்த்தாள்.
நாலு விரற்கடைத் தண்ணீர்.
கூட்டிலிருந்து வால் கீழே தொங்க
இமைமயிர் அளவில் இருநூறு பேர்.
ஒன்று நழுவி விழும்;
டத்தோ கீழே பாய்ந்து, வாயில் கவ்வி,
மேலே துப்பிவிட்டு வருவான்.
அதற்குள் இன்னொன்று.
"ராத்திரி முழுக்க இப்படியா?"
"ராத்திரி முழுக்க."
"அம்மா எங்கே?"
போத்தலைக் காட்டினேன்.
தூங்கிக்கொண்டிருந்தாள் கிராணி, கோப்பை இலைமேல் சாய்ந்து.
சிரிக்க ஆரம்பித்தாள் லிம்மின் மனைவி.
கதவைப் பிடித்துக்கொண்டு, குழந்தை குலுங்க, சிரித்தாள்.
அவள் வீட்டுக்காரன் சிங்கப்பூரில்.
தீபாவளிக்கும் வருவதில்லை, சீனப் புத்தாண்டுக்கும் வருவதில்லை.
தண்ணீர் கேட்கவே மறந்து போய்விட்டாள்.

விடியற்காலை நாலு மணிக்குக் குழாய் இருமியது.
துருவைத் துப்பிற்று, காற்றைத் துப்பிற்று,
அப்புறம் தண்ணீர்.
மாடி மாடியாய் வாளிகள் விழித்துக்கொண்ட சத்தம்.
மீனுக்கு மட்டும் இது ஆகாது;
ஒரு நாள் முழுக்க ஆற வேண்டும்.

குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கியதும்
டத்தோவையும் எடுத்துவிட்டேன்.
இனி பசித்தால் தின்றுவிடுவான்.
காலி போத்தலில் போய் நின்றவன்
ஒரு சுற்றுச் சுற்றினான்.
ஊத ஆரம்பித்தான்.

வாளிகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன.
குணாளனுடையதில் கைப்பிடி உடைந்திருந்தது.
ரொஹாயாவுடையதில், அடியில்,
கார் நிறுத்துமிடத்தில் பொறுக்கிய
மூன்று கெத்தாப்பாங் இலை.
இரண்டு நல்ல சருகு.
ஒன்று பச்சை, ஆகாது.
அதையும் ஜன்னலில் காயப்போட்டேன்.